முப்பதாயிரத்தைப் போட்டிக் கட்டணத்தில் கரைக்காதீர்கள்

நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து திருநெல்வேலிக்குப் பக்கத்தில் 22 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்திருக்கிறீர்கள். படத்தொகுப்பு முடிந்துவிட்டது, கையில் 30,000 ரூபாய் மிச்சமிருக்கிறது. இந்தப் பணத்தில் எத்தனை போட்டிகளுக்கு அனுப்பலாம், எவற்றுக்கு அனுப்பலாம், யூடியூபில் எப்போது ஏற்றலாம் என்று கேட்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தில் பெரும்பகுதியை ஒலிக்குச் செலவிடுங்கள். மீதியை வைத்துக்கொண்டு, இருட்டிய அரங்கில் மனிதர்கள் உட்கார்ந்து படம் பார்க்கும் நான்கைந்து விழாக்களுக்கு மட்டும் அனுப்புங்கள். யூடியூப் கடைசியில்தான்.

சிறிய விழாக்களின் முதல்கட்டத் தேர்வுக் குழுக்களில் இருந்து புதியவர்களின் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. நல்ல கதையும் நல்ல முகங்களும் கொண்ட படம் ஒன்று வரும். வசனம் காதில் விழாது. இயக்குநரின் கடிதத்திலோ ‘பதினைந்து சர்வதேச விருதுகள் பெற்ற படம்’ என்று இருக்கும். அந்தப் பதினைந்து விருதுகளுக்குக் கட்டிய பணம் வசனம், ஓசை, இசை எல்லாவற்றையும் அளவாகச் சேர்த்துத் தரும் ஒரு நல்ல ஒலிக்கலவைக்குப் போயிருந்தால், அந்தப் படம் உண்மையான விழா ஒன்றில் திரையேறியிருக்கும்.

இந்த விருது வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே போன்ற இணையதளங்களில் யார் வேண்டுமானாலும் ஒரு விழாவைப் பதிவு செய்து கட்டணம் வாங்கலாம். அவற்றில் உலகின் மதிப்புமிக்க விழாக்களும் இருக்கின்றன. ஒரு கணினியும் மின்னஞ்சல் முகவரியும் தவிர வேறெதுவும் இல்லாத ‘விழா’க்களும் இருக்கின்றன. இரண்டாவது வகை மாதந்தோறும் நடக்கும். பெயரில் பெரிய நகரம் ஒன்று இருக்கும். சிறந்த குறும்படம், சிறந்த முதல் குறும்படம், சிறந்த சமூகக் குறும்படம், சிறந்த கைப்பேசிக் குறும்படம் என்று பிரிவுகள் ஐம்பது அறுபது வரை நீளும். கட்டணம் பிரிவுக்குப் பிரிவு தனி. படம் எங்கே, எந்தத் தேதியில், எந்த அரங்கில் திரையிடப்படும் என்ற தகவல் மட்டும் இருக்காது. நடுவர்களின் பெயர் இருக்காது. இருந்தாலும் அவர்கள் செய்த வேலை எதுவும் தேடினால் கிடைக்காது. அனுப்பிய சில நாள்களில் ‘தேர்வாகிவிட்டீர்கள்’ என்று, சுவரொட்டியில் போட்டுக்கொள்ள இலைவளைய முத்திரை வரும், அடுத்து ‘வென்றுவிட்டீர்கள்’ என்று வரும், அதற்கடுத்து கோப்பைக்கும் அச்சிட்ட சான்றிதழுக்கும் தனியாகப் பணம் கேட்டு மின்னஞ்சல் வரும்.

இது சட்டப்படி மோசடியா என்பது வேறு விவாதம். திரைப்படத் துறையில் யாரும் இந்த முத்திரைகளை மதிப்பதில்லை என்பதுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி. விழா நடத்துபவர்களுக்கு எது உண்மையான விழா என்று தெரியும். சுவரொட்டியில் இருபது அடையாளம் தெரியாத முத்திரைகளைப் பார்த்ததும், ‘இவருக்குச் சரியாக வழிகாட்ட ஆளில்லை’ என்றுதான் எண்ணுவார்கள். அதை விடக் கொடுமை, இளைஞர் ஒருவர் தன் படம் உலகத் தரத்தில் இருக்கிறது என்று நம்பிவிடுவது. அடுத்த படத்தில் எதைத் திருத்த வேண்டும் என்ற கேள்வியே அவருக்குள் எழாமல் போய்விடும். பணம் போனதைக் காட்டிலும் பெரிய இழப்பு இது.

கட்டணம் வாங்கும் எல்லா விழாக்களும் போலி என்று சொல்லவில்லை. அரங்கு வாடகை, படங்களைப் பார்க்கும் ஆட்களுக்கான ஊதியம் எல்லாம் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும். ஆனால் பல வெளிநாட்டு விழாக்களின் கட்டணம் 20 டாலரில் தொடங்கி 60, 70 டாலர் வரை போகிறது, கடைசித் தேதி நெருங்க நெருங்க ஏறுகிறது. நம் பணத்தில் கணக்குப் போட்டால் பத்துப் பன்னிரண்டு விண்ணப்பங்களிலேயே உங்கள் முப்பதாயிரம் தீர்ந்துவிடும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் முதல்கட்டத் தேதிக்குள் அனுப்புங்கள். அதற்கு முன் விழாக் குழுவுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, மாணவர் நிலையில் இருக்கிறோம், கட்டண விலக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, தருகிறவர்கள் இருக்கிறார்கள். கடந்த ஆண்டின் திரையிடல் அட்டவணையைத் தேடிப் பாருங்கள். படங்களின் பெயரும் அரங்கின் பெயரும் நேரமும் அதில் இருந்தால் நம்பலாம். விழாவில் எடுத்த புகைப்படங்களில் பார்வையாளர்கள் தெரிகிறார்களா, கோப்பை பிடித்தவர்கள் மட்டும்தான் தெரிகிறார்களா என்றும் பாருங்கள்.

இனி ஒலி. பகலில் வெளிப்புறத்தில் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் வசனப் பதிவில் பம்புசெட் மோட்டாரும் காற்றும் கோவில் ஒலிபெருக்கியும் கலந்திருக்கும். ஹெட்போனில் கேட்டுக் கேட்டு உங்கள் ஐந்து பேருக்கும் வசனம் மனப்பாடமாகிவிட்டது. அதனால் குறை உங்களுக்குத் தெரியாது. படத்தை இதுவரை பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு பெரிய அறையில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, புரியாத இடத்தில் கையைத் தூக்கச் சொல்லுங்கள். கை எத்தனை முறை உயர்கிறதோ அத்தனை இடங்களில் வேலை இருக்கிறது.

சில வசனங்களைச் சுத்தப்படுத்தினாலே போதும். காப்பாற்ற முடியாதவற்றை மறுபடி பதிவு செய்ய வேண்டும். உங்கள் நடிகர்கள் ஊர்க்காரர்கள், டப்பிங் அறைக்குள் நின்று பேசிப் பழகாதவர்கள். கண்ணாடிக்கு அப்பால் நிறுத்தி, திரையைப் பார்த்துப் பேசச் சொன்னால் குரல் இயல்பை இழந்துவிடும். அவர்களை அதே திண்ணைக்கு, அதே தெருவுக்கு அழைத்துப்போய், ஊர் அடங்கிய நேரத்தில், கேமரா இல்லாமல் மைக் மட்டும் வைத்து அந்தக் காட்சியை முழுதாகப் பேச வையுங்கள். உதடசைவோடு பொருந்தும் பதிவைப் பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பேச்சு முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஓசையை ஓரிரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டுகளுக்கு நடுவே ஒலி அறுந்து அறுந்து கேட்காமல் இருக்க அது கட்டாயம் வேண்டும். பிறகு அனுபவமுள்ள ஒலிக்கலவையாளர் ஒருவரிடம் கொடுங்கள். 5.1 என்னும் சுற்றொலிக் கலவை வேண்டும் என்று கடன் வாங்காதீர்கள். தெளிவான ஸ்டீரியோ கலவை சிறிய விழாக்களுக்குப் போதுமானது. பின்னணி இசையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி அவர் கேட்டால் சண்டை போடாமல் கேளுங்கள்.

கைப்பேசியில் எடுத்ததால் படம் மட்டமாகிவிட்டதோ என்ற கவலையும் உங்கள் கேள்வியில் இருந்தது. அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் 2015இல் வெளியான ‘டேன்ஜரின்’ படத்தை ஐஃபோன் 5எஸ் கைப்பேசிகளில்தான் எடுத்தார். அந்தப் படம் அமெரிக்காவின் புகழ்பெற்ற சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. கைப்பேசியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஒலியை அவர்கள் தனியாக, தொழில்முறைக் கருவிகளில் பதிவு செய்தார்கள் என்பதைப் பேசுவதில்லை. கொஞ்சம் மங்கலான பிம்பத்தைப் பார்வையாளர்கள் ஒரு பாணியாக ஏற்றுக்கொள்வார்கள். கேட்காத வசனத்தை ஒருவரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து, 22 நிமிடம். விதிகள் இதற்கு இடம் தருகின்றன. கான் விழாவின் குறும்படப் போட்டிக்குத்தான் 15 நிமிட வரம்பு. பெர்லினில் 30 நிமிடம், ஆஸ்கர் அகாதமியின் கணக்கில் 40 நிமிடம் வரை குறும்படம்தான். ஆனால் விழாக்கள் குறும்படங்களைத் தனித்தனியாகத் திரையிடுவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத் தொகுப்பாகக் கோக்கிறார்கள். அந்தத் தொகுப்பில் 22 நிமிடப் படம் ஒன்றைச் சேர்த்தால் ஏழு நிமிடப் படங்கள் மூன்றை வெளியே தள்ள வேண்டும். உங்கள் படம் அந்த மூன்றையும் விட மேலானதாக இருந்தால் சேர்ப்பார்கள். அதற்காகக் கதையின் உயிரை வெட்ட வேண்டாம். பார்க்காமலேயே சொல்கிறேன், தமிழ்க் குறும்படங்களில் வெட்டக்கூடிய இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தொடக்கத்தில் மூன்று தயாரிப்பு நிறுவனங்களின் அசையும் முத்திரைகள், பிறகு பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் நன்றி அட்டைகள், பிறகு ஊரின் மேல் பறக்கும் ட்ரோன் காட்சி, பிறகு நாயகன் தூங்கி எழுந்து பல் துலக்கி வண்டியை உதைத்துக் கிளப்பி வேலைக்குப் போவது. முதல்கட்டத் தேர்வாளர் ஒரு நாளில் நிறையப் படங்களைப் பார்க்கிறார். அவருடைய கவனம் முழுமையாக இருக்கும் அந்த முதல் இரண்டு நிமிடங்களை நன்றி சொல்வதற்குச் செலவழித்துவிடாதீர்கள். நன்றி எல்லாம் கடைசியில் வரட்டும்; படம் முதல் ஷாட்டிலேயே தொடங்கட்டும்.

முடிவும் அப்படியே. எதிர்பாராத திருப்பம் ஒன்றோடு முடிக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி நிகழ்ச்சியின் தாக்கம் இதில் உண்டு என்று நினைக்கிறேன். அந்தப் போட்டியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது. உதவி இயக்குநராகப் பல ஆண்டுகள் காத்துக் கிடந்தால்தான் படம் என்றிருந்த நிலையை உடைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன், ராம்குமார், அருண்குமார், ரவிக்குமார் என்று ஒரு தலைமுறையே அங்கிருந்து வந்தது. பாலாஜி மோகன், அருண்குமார், ராம்குமார் மூவரும் தங்கள் குறும்படங்களையே அதே பெயரில் முழுநீளப் படங்களாக விரித்தார்கள். 2012இல் ‘காதலில் சொதப்புவது எப்படி’, 2014இல் ‘பண்ணையாரும் பத்மினியும்’, அதே ஆண்டில் ‘முண்டாசுப்பட்டி’. அவர்களை வளர்த்தது பரிசுத்தொகை அல்ல என்பது என் கணிப்பு. குறிப்பிட்ட தேதிக்குள் படத்தை முடித்தே ஆக வேண்டும், முடித்ததும் ஒரு நடுவர் எல்லோர் முன்னிலையிலும் குறை சொல்வார், மறுபடி அடுத்த சுற்றுக்கு இன்னொரு படம் எடுக்க வேண்டும். அந்தச் சுழற்சிதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. தொலைக்காட்சியின் குறுகிய நேரத்துக்குள் ஆளைப் பிடித்து வைக்கத் திருப்பம் தேவைப்பட்டது. விழா அரங்கில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போகப் போவதில்லை, அங்கே அந்தக் கட்டாயம் இல்லை. படம் முடிந்த பின் திரையில் எழுத்தாக வரும் அறிவுரையையும் எடுத்துவிடுங்கள்.

அதே பயிற்சி இன்று வேண்டுமென்றால் நேர வரையறைப் போட்டிகள் இருக்கின்றன. 2001இல் வாஷிங்டனில் தொடங்கிய 48 மணி நேரத் திரைப்படத் திட்டம் உலகின் பல நகரங்களில் நடக்கிறது. தொடங்கும்போதுதான் குலுக்கலில் படத்தின் வகை தெரியும். கூடவே ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வரி வசனம் எல்லா அணிகளுக்கும் பொதுவாகத் தரப்படும்; அவை படத்தில் இடம்பெற்றே ஆக வேண்டும். முன்பே எடுத்த படத்தைக் கொண்டுவந்து கொடுக்க முடியாதபடி செய்த ஏற்பாடு அது. படம் நான்கு முதல் ஏழு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் 2011இல் இந்தியா ஃபிலிம் ப்ராஜெக்ட் என்ற பெயரில் தொடங்கிய ஐஎஃப்பி 50 மணி நேரப் போட்டி நடத்துகிறது. இப்போதைய படத்தை இவற்றுக்கு அனுப்ப முடியாது. ஆனால் உங்கள் ஐந்து பேரில் யார் நெருக்கடியில் நிதானமாக இருக்கிறார்கள், யார் கேமராவை விட்டு ஒலியைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவர் என்பதெல்லாம் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். அடுத்த படத்துக்கு முன் ஒருமுறை கலந்துகொள்ளுங்கள்.

இந்தப் படத்தை எங்கே அனுப்புவது? நெல்லையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் திருவனந்தபுரம் இருக்கிறது. கேரள அரசின் திரைப்பட அமைப்பான மாநிலச் சலச்சித்திர அகாதமி 2008 முதல் அங்கே ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்குமான சர்வதேச விழாவை நடத்துகிறது. கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகளில் குறும்படம் பார்க்க மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். படம் தேர்வாகாவிட்டாலும் பிரதிநிதியாகப் பதிவு செய்துகொண்டு ஐந்து பேரும் போய்வாருங்கள். உங்கள் வயதுக்காரர்கள் எடுத்த படங்களைத் தொடர்ந்து நான்கு நாள் பார்த்தால், உங்கள் படத்தில் எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று நான் சொல்லாமலே விளங்கிவிடும். கேரளத் திரைப்படச் சங்கங்கள் நடத்தும் ‘சைன்ஸ்’ (SIGNS) விழாவில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் பெயரில் விருது இருக்கிறது. தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தவர் அவர். அந்தப் பெயரிலான விருதுக்குத் தமிழ்ப் படங்கள் போட்டியிடுவது எனக்குத் தனி மகிழ்ச்சி. பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழாவும் உண்டு. மும்பையில் 1990 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேச விழா அரசு சார்ந்தது. ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் ஆகியவற்றுக்கென்றே நடப்பது அது. தமிழ்நாட்டில் தமுஎகச, அதாவது தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம், ஆண்டுதோறும் நூல்களுக்குத் தரும் விருதுகளோடு குறும்படத்துக்கும் ஆவணப்படத்துக்கும் விருது தருகிறது. கடல் கடந்தால் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா, 2015இல் தொடங்கியது. சப்டைட்டில் படிக்காமலேயே உங்கள் படத்தைப் பார்த்துச் சிரிக்கவும் கலங்கவும் கூடிய பார்வையாளர்கள் அங்கே இருக்கிறார்கள்.

போட்டியே இல்லாத விழாக்களையும் ஒதுக்காதீர்கள். ரீது சரீனும் டென்சிங் சோனமும் 2012இல் தொடங்கிய தர்மசாலா சர்வதேசத் திரைப்பட விழாவில் பரிசு கிடையாது. ஆனால் அங்கே படம் காட்டப்பட்டது என்றால் தேர்ந்த கண்கள் பார்த்து எடுத்தது என்று பொருள். அந்த ஒரு வரி, நான் மேலே சொன்ன இருபது முத்திரைகளுக்கும் மேலானது.

பெரிய வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பவே கூடாதா என்றால், ஒன்றே ஒன்றுக்கு அனுப்புங்கள். பிரான்சின் க்ளேர்மோன்-ஃபெரான் விழா குறும்படத்துக்கென்றே உலகில் நடக்கும் மிகப் பெரிய விழா. போட்டி கடுமையாக இருக்கும் என்பதைத் தெரிந்தே அனுப்ப வேண்டும். மதுரை மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பி.எஸ். வினோத்ராஜ் தன் முதல் முழுநீளப் படமான ‘கூழாங்கல்’லுக்கு 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் முதன்மைப் பரிசான டைகர் விருதைப் பெற்றார். வெயிலும் வறண்ட நிலமும் ஒரு தந்தையும் மகனும்தான் அந்தப் படத்தின் கைம்முதல். நம் ஊர் மண்ணை அப்படியே காட்டினால் வெளிநாட்டவருக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சில தாள் வேலைகளும் உண்டு. இந்தியாவில் பொது இடத்தில் திரையிடத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். திரைப்பட விழாக்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குப் பெற்றுத் திரையிடுவதால் அவற்றுக்கு நீங்கள் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. தேசிய விருதுக்கு அனுப்புவதென்றால் மட்டும் அந்தந்த ஆண்டுக்குள் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். உங்கள் படத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று முக்கியப் பாத்திரம் என்கிறீர்கள். சான்றிதழ் கேட்டுப் போகும்போது விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். அதற்குப் படப்பிடிப்புக்கு முன்பே வாரியத்திடம் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும், அடுத்த படத்துக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடைக் காட்சியில் ஒலிக்கும் பழைய சினிமாப் பாட்டை எடுத்துவிடுங்கள். உரிமை வாங்காத பாட்டு இருந்தால் நல்ல விழா எதுவும் படத்தைத் தொடாது. நடித்தவர்களிடமும் இசையமைத்த நண்பரிடமும் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்கி வையுங்கள். இன்று நெருக்கமான நண்பர்கள் என்பதால்தான் இன்றைக்கே வாங்கச் சொல்கிறேன். ஆங்கிலச் சப்டைட்டிலை மென்பொருளிடம் விடாமல், நெல்லைப் பேச்சும் நல்ல ஆங்கிலமும் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் திரையில் வரக் கூடாது.

யூடியூபைப் பொறுத்தவரை, விழாச் சுற்று முடியும்வரை ஏற்றாதீர்கள். பல விழாக்கள் இணையத்தில் ஏற்கெனவே வெளியான படத்தை ஏற்பதில்லை. சில, தங்கள் நாட்டிலோ நகரத்திலோ முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கும். விமியோ என்ற காணொளித் தளத்தில் ஏற்றி, கடவுச்சொல் வைத்த இணைப்பை மட்டும் அனுப்புங்கள். அந்தக் கணக்கில் எந்த நாட்டிலிருந்து பார்த்திருக்கிறார்கள் என்பது தெரியும் வசதி இருக்கிறது. கட்டணம் வாங்கிய விழா படத்தைத் திறந்தாவது பார்த்ததா என்பதை அதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். படம் முடிந்து ஓராண்டு, அதிகம் போனால் ஒன்றரை ஆண்டு காத்திருந்தால் போதும். அதற்கு மேல் பெட்டியில் வைத்திருப்பதில் பயனில்லை.

அந்தக் காத்திருப்பு தொடங்கும் முன்பே ஊரில் ஒரு திரையிடல் வையுங்கள். எண்பதுகளில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற இயக்கமாகக் கூடி, ஊர் ஊராகப் போய் மக்களிடமே சிறு தொகைகள் திரட்டி, 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்து, அதை அந்த மக்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். உங்களுக்குத் திண்ணையும் வீடும் ஆட்டுக்குட்டியும் கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். முன்கூட்டியே பஞ்சாயத்தில் சொல்லி, ஊர்க்காரர்களை மட்டும் அழைத்து, பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு புரொஜெக்டரும் நல்ல ஸ்பீக்கரும் வாடகைக்கு வைத்துக் காட்டுங்கள். அழைப்பின் பேரில் ஊருக்குள் நடத்தும் இப்படிப்பட்ட திரையிடலை எந்த விழாவும் குறையாக எடுத்துக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. எந்த இடத்தில் அவர்கள் பேச்சை நிறுத்தித் திரையைப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் குழந்தைகள் எழுந்து ஓடுகிறார்கள் என்று பின்னால் நின்று குறித்துக்கொள்ளுங்கள். ஒலிக்கலவைக்குக் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்தால், எங்கே வெட்டுவது என்பதும் அன்றிரவே தெளிவாகிவிடும். அப்புறம் கலவை முடித்து, முதல் விண்ணப்பத்தைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்புங்கள்.